அக்காவின் நோட்டும் என் பெயரும்

1

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆக்லாந்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் அடித்தளத்தில், காலை இடைவேளையில் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. ஆங்கிலத்தில் மூன்றே வரி. என் கணக்கிலிருந்து ஏற்றப்பட்ட பக்கங்களும் அவற்றின் எல்லாப் பிரதிகளும், உண்மையான உரிமையாளரின் புகாரின் பேரில் நீக்கப்பட்டுவிட்டன. அனுமதி இல்லாமல் பிறருடைய எழுத்தை ஏற்றியவன் என்று என் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கிறது. எனக்கு மறுப்பு இருந்தால் பத்து வேலை நாளுக்குள் தெரிவிக்கலாம்.

மறுப்பு எதுவும் இல்லை. அந்தப் புகாரைக் கொடுக்கச் சொன்னவனே நான்தான். அதை ஆங்கிலத்தில் தட்டிக் கொடுத்தது என் மகள். கையெழுத்துப் போட்டது அனுமந்தன்பட்டியில் இருக்கிற என் பெரியப்பா மகள் செல்வராணி அக்கா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சமோவா நாட்டு நண்பர், "நல்ல செய்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரொட்டியை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

2

இந்தக் குறிப்பில் வரும் பெயர்கள் எதுவும் அவரவர் பெயர் இல்லை. ஊர்களையும் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் ஊகித்துவிடுவார்கள் என்பது தெரியும். ஊகிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதி முடித்ததும் முதலில் அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு பத்தியை அடித்துவிட்டு, மீதியைப் போடலாம் என்று எழுத்திலேயே அனுப்பினாள். இதில் வரப்போகிற பாக்கியம் அத்தைக்கும் வாசித்துக் காட்டினாளாம். அத்தை, "போட்டுக்கட்டும்" என்றாராம்.

பிறகு எதற்கு மறுபடி எழுதுகிறாய் என்று என் மனைவி கேட்டாள். அத்தையைப் பற்றிய கதை ஏற்கெனவே பல கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் செய்தது மட்டும் அதில் ஒன்றில்கூட இல்லை. அதற்காகத்தான்.

3

இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. ஊரில் நான் வேதியியல் படித்தவன். இங்கே, அறுவைச் சிகிச்சை முடிந்து வரும் கத்தரி, கத்தி, இடுக்கிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, நீராவிப் பெட்டிக்குள் தள்ளும் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமலே முடிந்துவிடும். சட்டையில் இருக்கும் அட்டையில் பெயர் பாதிதான் இருக்கிறது. முழுப்பெயர் அதில் கொள்ளவில்லை.

மகள் கீர்த்தனாவுக்குப் பதினோரு வயது இருக்கும்போது, பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் கப்பலில் வந்த தாத்தாவின் தாத்தா பெயர் வரை எழுதியிருந்தார்கள். எங்கள் மரத்தில் மூன்று வரிசைக்கு மேல் ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

செல்வராணி அக்கா உத்தமபாளையத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவள். அத்தான் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை இல்லை. பழைய பத்திரங்களை வாசிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பூச்சி அரித்த முத்திரைத்தாளில், இன்னார் மகன் இன்னார் எழுதிக்கொடுத்தது என்று ஒரு வரி கிடைத்தால் போதும், அங்கிருந்து நூல் பிடித்து நாலு தலைமுறை போய்விடுவாள்.

"தம்பி, இதுக்குத்தான் நீ போன் போட்டியா?" என்று சிரித்தாள். "நான் ரொம்ப வருசமா எழுதி வச்சிருக்கேன். யாருமே கேட்டதில்ல."

நான்கு நீள நோட்டுகள். சின்னமனூருக்கும் கூடலூருக்கும் பஸ்ஸில் போய்ப் போய், வயசானவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதியது. யார் எந்தப் பஞ்சத்தில் எங்கிருந்து கிளம்பி வந்தார்கள், யார் யாருக்கு எந்த வாய்க்காலில் பங்கு இருந்தது, எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டுக்குப் போனாள் என்று எல்லாம் இருந்தது. வெறும் பட்டியல் இல்லை. என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: "இவர் கோபம் வந்தால் பேச மாட்டார். மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். மாடு குளித்து முடிக்கும்போது கோபமும் போயிருக்கும்." இப்படி ஒரு வரி எழுத எனக்கு வராது.

அன்றிலிருந்து ஆறு வருடம், சனிக்கிழமைதோறும் பேசினோம். அவள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள். நான் தட்டச்சு செய்வேன். கீர்த்தனாவின் பாடம் முதல் மாதத்திலேயே முடிந்துவிட்டது. அதன்பின் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நானும் கூப்பிட்டுக் காட்டுவதை விட்டுவிட்டேன்.

4

வம்சாவளிகளை ஏற்றி வைக்கும் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். முதல் பக்கத்தில் 'ஆய்வாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் பெயரைப் போட்டேன். முழுப்பெயர். அது அங்கே கொண்டது.

அக்காவின் பெயரையும் போட நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். நினைக்கவே இல்லை. அவள் அனுப்பினாள், நான் தட்டினேன். தட்டத் தட்ட அது என்னுடையது போலவே ஆகிவிட்டது. அங்கங்கே ஒற்றுப்பிழை திருத்தினேன். அதையே பெரிய உழைப்பாக நினைத்துக்கொண்டேன். சிங்கப்பூரிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் பங்காளிகள் எழுதினார்கள். 'அண்ணே, உங்க எழுத்து கண்ணுல தண்ணி வர வச்சிருச்சு' என்று ஒருவர். அந்த மாட்டுக் கதையைத்தான் சொல்லியிருந்தார். நன்றி என்று பதில் போட்டேன்.

அக்காவுக்கு இணைப்பை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"பாத்தேன் தம்பி. நல்லா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல இன்னும் எட்டுப் பக்கம் அனுப்பினாள்.

5

நாலாவது நோட்டின் கடைசிப் பக்கம் அப்படி வந்ததுதான். கூடவே ஒரு குரல் செய்தி: "கடைசிப் பக்கம் நம்மளுக்குள்ள தம்பி. அப்பா சாகுறதுக்கு முன்னால சொன்னாக. எங்கயாச்சும் எழுதி வைக்கணுமேன்னு எழுதினேன். வேற ஒண்ணுக்கும் இல்ல."

அந்தப் பக்கம் பாக்கியம் அத்தையைப் பற்றியது. அத்தை, என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தங்கை. மழை பொய்த்த ஒரு வருடம், பதினேழு வயதில், ஊர்ப் பெண்களோடு கம்பம்மெட்டு வழியாக மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார். அங்கே தோட்டத்து ஜீப் ஓட்டிய மலையாளத்துக்காரரோடு வாழ்ந்திருக்கிறார். ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் மேலே போய் அத்தையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். குழந்தையை அந்த மனிதரின் தாய் விடவில்லை. மறுவருடமே அத்தையைப் பள்ளத்தாக்கின் மறுகோடியில், கெங்குவார்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

நான் அதையும் ஏற்றினேன்.

ஏன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. மரத்தில் ஒரு கிளை விட்டுப்போனால் ஆய்வு முழுமையாகாது என்ற கிறுக்கு. எங்கோ கடல் கடந்து யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை அந்தத் தளம் தானாகவே மறைத்துவிடும். பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரியும். அது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கம் திறக்க வேண்டும் என்பதற்காக, அத்தையின் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்ற கட்டத்தில் குறி போட்டேன். பக்கம் திறந்துகொண்டது. குழந்தைக்கும் ஒரு கட்டம் போட்டு, 'பெயர் தெரியவில்லை' என்று எழுதினேன்.

6

ஒன்றரை வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் மதியம், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கெங்குவார்பட்டியிலிருந்து பாண்டி கூப்பிட்டான். பாக்கியம் அத்தையின் ஒரே மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அங்கே அப்போது காலை நேரம்.

"மாப்ள, வேலையில இருக்கியா?"

"இல்ல மச்சான், சொல்லுங்க."

"எங்கம்மா எப்ப செத்தாக?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மச்சான் இது..."

"நீதான போட்டிருக்க. இங்கன அடுப்படியில உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டிருக்காக. நீ செத்துட்டாகன்னு போட்டிருக்க. அதுக்குக் கீழ என்னென்னமோ போட்டிருக்க. மாப்பிள்ள வீட்டுக்காரவுக போன்ல கொண்டாந்து காட்டுறாக. என் கையில குடுத்து, வாசிங்கங்குறாக. நான் எம் மக முன்னால வாசிக்கிறேன் மாப்ள."

அவன் மகளுக்கு நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் குமரேசன் என்ற பங்காளி ஒருவர், என் பக்கங்களை அந்தத் தளத்திலேயே தன் மரத்தில் பிரதி எடுத்து ஒட்டி, அந்த இணைப்பைக் குலதெய்வக் கோயில்காரர்களின் கைப்பேசிக் குழுவில் போட்டிருக்கிறார். அங்கிருந்து கைமாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கிறது.

"அத்தை என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"கேட்டேன். ஆமாப்பான்னாக. வேற ஒண்ணும் சொல்லல. அம்பது வருசமா எங்கப்பனை ஏமாத்திருக்காகளேடா."

அது உண்மையில்லை என்று பின்னால் அக்கா சொன்னாள். கல்யாணமான முதல் வாரமே அத்தை தன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அதன்பின் ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பாண்டியிடம் யார் போய்ச் சொல்வது? சொன்னாலும் நம்புகிற நிலையில் அவன் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்தவில்லை. நல்ல மாதிரியாகத்தான் பேசினார்களாம். பெண்ணின் அப்பத்தாவை மட்டும் மணமேடைக்குக் கொண்டுவர வேண்டாம் என்றார்கள். பாண்டி சரி என்று சொல்லிவிட்டான். அத்தை அடுத்த அறையில் இருந்திருக்கிறார். மறுநாள் காலை ஒரு துணிப்பையோடு கிளம்பி, பெரியகுளத்தில் ஒரு பஸ், தேனியில் ஒரு பஸ் மாறி, உச்சி வெயிலில் அனுமந்தன்பட்டியில் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். எழுபத்தாறு வயது.

"ஆத்தா, ஒரு பத்து நாளைக்கு இங்கன இருந்துக்கிறேன்" என்றாராம்.

7

என் பக்கத்தை அன்று சாயங்காலமே அழித்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை. பிரதி எடுத்தவர்களின் மரங்களில் எல்லாம் அது அப்படியே இருந்தது. குமரேசனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, உங்க பேரப் போட்டுத்தான் ஒட்டியிருக்கேன். மரியாதையாத்தான வச்சிருக்கேன்?"

"எடுத்துருங்க தம்பி. உயிரோட இருக்குற ஒரு பெரிய மனுசி..."

"அதப் போட்டது நீங்கதானண்ணே? வரலாறுன்னா எல்லாந்தான் இருக்கும். பிடிச்சத வச்சுக்கிட்டு பிடிக்காதத அழிச்சா அது வரலாறா?"

அந்த வாக்கியத்தை இன்னொருவரிடம் நானே சொல்லியிருப்பேன்.

தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினேன். முதல் பதில் இயந்திரம் அனுப்பியது. இரண்டாவதும் அப்படித்தான். நாலாவது கடிதத்துக்கு ஒரு மனிதர் பதில் எழுதினார். பணிவான ஆங்கிலம். உயிரோடிருப்பவர் என்று நான் இப்போது சொல்வதற்கு, சம்பந்தப்பட்டவரே அடையாளச் சான்றோடு எழுத வேண்டும். அத்தையிடம் போய், நீங்கள் உயிரோடு இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தில் அடுத்தது, பதிப்புரிமை. ஒரு பெண் யாரோடு வாழ்ந்தாள், எத்தனை குழந்தை பெற்றாள் என்பதெல்லாம் தகவல். தகவலுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. அதை எழுதியிருக்கும் விதத்துக்குத்தான் சொந்தக்காரர் உண்டு. அந்த எழுத்தை ஏற்றியபோதே, யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சம்மதித்திருக்கிறேன். அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது.

கடைசி வரி மட்டும் என்னை நிறுத்தியது. எழுதியவர் நான் இல்லையென்றால், அப்படிச் சம்மதிக்க எனக்கு உரிமையே கிடையாது. அப்போது உண்மையில் எழுதியவர் புகார் கொடுத்தால், எல்லாப் பிரதிகளையும் எடுத்துவிட வேண்டியிருக்கும்.

அதாவது, நான் திருடன் என்றால்தான் அது இறங்கும்.

8

அந்தச் சனிக்கிழமை அக்காவைக் கூப்பிட்டேன். கூப்பிடுவதற்கு முன் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். படத்தில் அக்கா தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் அத்தை தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா, ஒரு புகார் குடுக்கணும். நீதான் குடுக்கணும்."

"யாரு மேல?"

"என் மேல."

தெருவில் ஒரு டிராக்டர் போகும் சத்தம் கேட்டது.

"என்னன்னு குடுக்கணும்?"

"உன் எழுத்த, உன்னைக் கேக்காம, எம் பேர்ல போட்டேன்னு."

"அது பொய் இல்லையே தம்பி" என்றாள்.

எழுதி வைத்திருந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"அன்னைக்கு நீ அனுப்புனியே, அதக் கீழ வரைக்கும் தள்ளித் தள்ளிப் பாத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு மறுபடியும் பாத்தேன். கடைசியில எங்கயாச்சும் இருக்கும்னு நெனச்சேன். முப்பது வருசம் ஊரான் பத்திரம் எழுதியிருக்கேன். எழுதினது யாருன்னு அதுலகூட கீழ ஒரு வரி போடுவாகடா."

"அக்கா..."

"இரு, நான் பேசிக்கிறேன். நம்மளுக்குள்ளன்னு சொன்னேனா இல்லையா? சொன்னேன்ல? நீ கேட்டியா? அப்பா சொன்னத நான் எழுதியிருக்கக் கூடாது. அது என் தப்பு. அத்தை முகத்த தினம் நான்தான் பாக்குறேன். நீ அங்கன இருக்க."

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அலுவலகக் குரலில் கேட்டாள்: "நோட்டு ஏங்கிட்டத்தான் இருக்கு. மூலம் இருக்குறவுக கையெழுத்துத்தான செல்லும்? எங்க போடணும் சொல்லு."

புகார்ப் படிவம் ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். என் ஆங்கிலத்தை நம்பாமல் கீர்த்தனாவைக் கேட்டேன். அவளுக்கு இப்போது இருபது வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். நான் நடந்ததைச் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில் விரலை எடுத்துவிட்டாள்.

"அப்பா, எதுவுமே நீங்க எழுதலையா?"

"தட்டச்சு செஞ்சேன்."

"எங்க யூனிவர்சிட்டில இதச் செஞ்சா வெளிய அனுப்பிடுவாங்க." கோபமாகச் சொல்லவில்லை. வெளியில் குளிர்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதுதான் உறைத்தது. அவளுக்காகத் தொடங்கிய வேலை அது. எட்டொன்பது வருடம் கழித்து அவள் அதைத் திறந்து பார்த்தபோது, அப்பா செய்த திருட்டைத்தான் முதலில் பார்த்தாள்.

புகார் கொடுப்பவருக்கும் ஏற்றியவருக்கும் உள்ள உறவு என்ன என்று ஒரு கட்டம். 'கசின் சிஸ்டர்' என்று சொன்னேன். "அப்படி ஒண்ணு இங்கிலீஷ்ல இல்லப்பா" என்று 'சிஸ்டர்' என்பதை அழித்தாள். ஐம்பது வருடமாக அக்காவாக இருந்தவள் படிவத்தில் வெறும் கசின் ஆனாள். குடும்பப் பெயர் கட்டாயம் என்றது படிவம். அக்காவுக்கு ஏது குடும்பப் பெயர்? பெரியப்பா பெயரைப் போட்டோம். தமிழில் போட்ட கையெழுத்தை ஏற்க முடியாது என்று ஒரு முறை திரும்பி வந்தது. அக்கா ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடப் பழகி, நாலு நோட்டின் பக்கங்களையும் ஒன்று விடாமல் மறுபடி படமெடுத்து அனுப்பினாள். அந்தக் கடைசிப் பக்கத்தையும் அனுப்ப வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத இன்னும் சில பேர் அதை வாசித்தார்கள்.

இதற்குள் பெரியகுளத்தில் கல்யாணம் நடந்து முடிந்துவிட்டது. அன்று அத்தை காலையிலேயே குளித்து, நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, முகூர்த்த நேரம் வரை வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார் என்றாள் அக்கா. நேரம் கடந்ததும் எழுந்துபோய்ச் சேலையை மாற்றிக்கொண்டாராம்.

9

முதலில் சொன்ன மின்னஞ்சல் அதற்கும் ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது. எல்லாப் பிரதியும் போய்விட்டது. மாட்டைக் குளிப்பாட்டப் போகும் கொள்ளுத்தாத்தாவும் போனார்.

ஒன்பதாவது நாள் குமரேசன் புதிதாக ஒரு பக்கம் போட்டார். அதே செய்தி, வேறு வார்த்தைகள். 'மலைநாட்டில் அமைந்த முதல் இல்லறம்' என்று தலைப்பு. கட்டுரைத் தமிழ். அக்காவின் வரி ஒன்றுகூட அதில் இல்லை. 'காலமானார்' என்பது மட்டும் இருந்தது. நிறுவனத்துக்கு எழுதினேன். அதே மனிதர், அதே பணிவோடு, இது அவருடைய சொந்த எழுத்து, இதில் எங்களால் தலையிட முடியாது என்று பதில் போட்டார். உயிரோடிருப்பவர் என்றால் அவரே சான்றோடு எழுதட்டும் என்று மறுபடியும்.

அக்காவிடம் சொன்னேன். "சரி" என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமை அவள் போனை எடுக்கவில்லை. அதற்கடுத்ததும் எடுக்கவில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

10

மதுரையில் இறங்கி நேராகக் கெங்குவார்பட்டிக்குத்தான் முதலில் போனேன். பாண்டியின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றே, "அவுக தோப்புக்குப் போயிட்டாக. எப்ப வருவாகன்னு தெரியாது" என்றாள். அவனுடைய பைக் வாசலில்தான் நின்றது. அரை மணி நேரம் நின்றேன். பிறகு தேனி பஸ் ஏறினேன்.

அனுமந்தன்பட்டியில் சாரல் காற்று வாசல் தட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அக்கா, "வா" என்றாள். காப்பி கொடுத்தாள். நான் கொண்டுபோன பொருள்களை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். நோட்டுகளைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். வேண்டுமென்றுதான் போனாள் என்று நினைக்கிறேன்.

அத்தை முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் வந்து, எனக்கும் பாண்டிக்கும் ஒரே துணியில் சட்டை எடுத்துக் கொடுத்தவர்.

"அத்தை, என்னைய மன்னிச்சிருங்க."

அவர் கையை நிறுத்தவில்லை. "எளைச்சுப் போயிட்டியே" என்றார். "அங்கன சோறு கீறு பொங்குறாளா, இல்ல ரொட்டிதானா?"

"பொங்குறா அத்தை."

"பாண்டியப் பாத்தியா?"

"போனேன். பாக்க முடியல."

"ம்" என்றார். ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்தார். பிறகு முறத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீ போட்டிருந்தியாமே, அதுல எம் மோளுக்கு என்ன பேரு போட்டிருந்த?"

மோள். மகளைச் சொல்லும் அந்த மலையாள வார்த்தையை அத்தை வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"பேரு தெரியலன்னு போட்டிருந்தேன் அத்தை."

அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அது ஆச்சரியம்.

"எனக்குத் தெரியுமே" என்றார். "என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேனே."

ஆறு வருடம் சனிக்கிழமை தவறாமல் பேசியிருக்கிறோம். பத்திரம், பட்டா, பள்ளிச் சான்று, செத்துப்போனவர்கள் சொன்னதாக உயிரோடிருப்பவர்கள் சொன்னது என்று எதையெதையோ தேடியிருக்கிறேன். அத்தையின் போன் நம்பர் என்னிடம் எப்போதும் இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூப்பிட்டு நல்லா இருக்கீங்களா என்று கேட்டிருக்கிறேன்.

"இப்பச் சொல்லுங்க அத்தை" என்றேன். சொன்னவுடனேயே, ஏன் வாயைத் திறந்தோம் என்று இருந்தது.

அவர் முறத்தை ஒருமுறை புடைத்தார். உமி காற்றில் பறந்து என் மேல் விழுந்தது.

"மத்ததெல்லாம் ஊரே வச்சிருக்கு. அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு" என்றார். "அது இருந்துட்டுப் போகட்டும்."

அரிசியை எடுத்துக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, உலை வைக்க உள்ளே போனார்.